இடப்பக்க வளைவில் வெளியே ஓடும் வண்டி

வேகத்துக்கு ஏங்கிய என் மாமாவுக்கு,

கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் காற்று அடிக்கிற கம்ப்ரசரைத் தட்டிப் பார்க்கிறேன். வாசலுக்குப் போய் தென்காசி ரோட்டைப் பார்க்கிறேன். சங்கரன்கோவில் போகிற வண்டி ஒன்று அலைன்மென்ட் பார்க்க வந்தது, செய்து அனுப்பிவிட்டு மறுபடி வந்து பேனாவை எடுத்தேன். நீங்கள் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் கார் பந்தய டிராக்குக்குப் போய்விட்டு வந்தோம் மாமா. நானும் உங்கள் மகனும். அத்தைகூட வந்தார்கள். அதை முழுசாகச் சொல்லிவிட்டால் கொஞ்சம் அமைதி வரும் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மாமனார் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையம் டெப்போவில் வேலை. வேலைக்காலம் பூராவும் ஒரு பயணியின் தலைகூட முன்சீட்டுக் கம்பியில் இடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு டாக்டர் வீட்டிலிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி வந்தார். கோயிலுக்குப் போகத்தான் என்று அத்தையிடம் சொன்னார். என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"ஏட்டி கோமதி, இம்புட்டு வருசமா ஜனங்கள வச்சுக்கிட்டு மெதுவாவே ஓட்டியாச்சு. யாருமே ஏறாத வண்டியில ஒரே ஒரு தடவ வேகமாப் போய்ப் பாக்கணும்."

ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டுச் சக்கரம் சரிபார்க்கிற கடை வைத்திருக்கும் மருமகளிடம் அதைச் சொன்னால் என்ன ஆகும்? ஒரே ஒரு தடவை என்றது பழக்கமாகிவிட்டது. டிராக்கை வெளியாட்களுக்குத் திறந்துவிடுகிற நாட்களில் எல்லாம் நாம் இரண்டு பேரும் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரான உங்கள் மகன், "ரெண்டு பேருக்கும் கோட்டி புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அந்த டிராக்கில் இடப்பக்கம் நீளமாகத் திரும்புகிற ஒரு வளைவு. அங்கேதான் நமக்கு மல்லுக்கட்டு. நீங்கள் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பாமல் வெளியே, வலப்பக்கமாகவே, ஓடும். ஓரத்து மணலில் இறங்கிப் புழுதி கிளப்பிவிட்டு நீங்கள் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். "கூட்டம் பூரா முன்வாசல்லயே நிக்குதுட்டி. பின்னாடி போங்கன்னா ஒருத்தனும் போக மாட்டேங்கான்."

ஒரு இன்ஜினியர் பத்துப் பக்கம் எழுதினாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் எல்லா வேலையும் முன்சக்கரத்தின் தலையில்தான். இழுப்பதும் அதுதான், திரும்புவதும் அதுதான், பிரேக்கில் முக்கால் பங்கைத் தாங்குவதும் அதுதான். பின்சக்கரம் இரண்டும் சும்மா கூட வரும். முன் டயருக்குத் தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டால் அது ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கும், வண்டி நேராகவே போகும்.

உங்கள் கையும் அதற்கு ஒரு காரணம் மாமா. அது உங்களுக்கே தெரியும். மலைப்பாதை ஊசிமுனை வளைவுகளில் பஸ்ஸை இழுத்து இழுத்துப் பழகிய கால் உங்களுடையது. பாதி வளைவிலேயே ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவீர்கள். பஸ்ஸில் அது சரி, பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போய்விடும். இங்கேயோ, திரும்பிக்கொண்டிருக்கிற டயரைப் பிடித்து இழுக்கவும் சொன்னால் அது என்ன செய்யும்? "வளவுல வண்டியச் சோர விடக் கூடாது" என்பீர்கள். "பொறுங்க மாமா, வண்டி திரும்புற வரைக்கும் பொறுங்க" என்பேன் நான். தலையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். அடுத்த சுற்றில் மறுபடி புழுதி.

உங்கள் காலை மாற்ற முடியாது, வண்டியை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். அதற்கும் நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. பின் அச்சுக்குக் குறுக்கே பூட்டுகிற தடித்த கம்பி ஒன்றுக்குச் சொல்லி வைத்தோம். அதைப் பூட்டினால் வளைவில் பின்பக்கம் கொஞ்சம் இளகும், முன்பக்கத்தின் பாரம் குறையும் என்பது கணக்கு.

அந்தக் கம்பி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் நடந்துவிட்டு வருகிற வழியில் வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தீர்களாம். டீ வேண்டுமா என்று கேட்ட கண்டக்டருக்குப் பதில் வரவில்லையாம். உங்களுடன் வேலை பார்த்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று ஒரு டிரைவர், "பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரிதாம்மா இருந்தாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

கம்பி உங்கள் பெயருக்குப் பார்சலில் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கடையின் மூலையில் சாய்த்து வைத்தேன். உங்கள் மகன் பார்த்துவிட்டு, "வண்டிய வித்துருவோம் கோமதி. தெனமும் அத வாசல்ல பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல" என்றார். நானும் மறுக்கவில்லை.

பிறகுதான் அந்தப் போன் வந்தது. உங்கள் போனுக்கு அத்தை இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறார்கள், தெரியுமா? சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து. டிராக்கில் பெயர்களைப் பதிவு செய்கிற பையன் கூப்பிட்டிருக்கிறான். அடுத்த மாத ஓட்டத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தீர்களே, சார் வருவாரா என்று கேட்டிருக்கிறான்.

நான் கடையிலிருந்து வீட்டுக்குப் போனபோது அத்தை அடுப்படியில் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, அந்தத் தம்பிகிட்ட அவிய இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வருவாகன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? இப்ப என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும்? போங்க. யாராச்சும் போங்க."

உங்கள் மகன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு மட்டும் உடம்பில் ஏதோ கரண்ட் ஏறிய மாதிரி இருந்தது. மறுநாள் காலையிலேயே வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டேன்.

நம் சட்டத்தை நான் மீறினேன் மாமா. ஒவ்வொன்றாகச் செய்து, ஓட்டி, யோசிக்கிற பொறுமை என்னிடம் இல்லை. கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. முன்சக்கரங்களின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சாய்த்தேன். முன் டயர் இரண்டையும் நுனியில் ஒரு பொட்டு வெளியே திருப்பினேன். பின் டயரில் காற்றை ஏற்றினேன். புதுக் கம்பியில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் துளைகள் உண்டு, அதை இருப்பதிலேயே இறுக்கமான துளையில் பூட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்சக்கரங்களுக்கும் தகடு வைத்து அவற்றையும் வெளிப்பக்கம் திருப்பினேன். அந்த வாரம் பூராவும் ஒருதடவைகூட வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

சேத்தூர் போகிற வழியில் மூடிக்கிடக்கிற நூற்பாலை ஒன்று இருக்கிறதல்லவா, அதன் முதலாளி நம் வாடிக்கையாளர். உள்ளே லாரிகள் திரும்புகிற பெரிய சிமென்ட் களம். அங்கே ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போனேன். வாட்ச்மேன் சேவியர் அண்ணன் நூல் சுற்றுகிற காலி கோன்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். இடப்பக்க வளைவு ஒன்றை அந்தக் கோன்களால் வரைந்தேன். காற்று தூக்கிவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் கல்லைப் போட்டார் அவர்.

லேசாகத் தூறியிருந்தது. முதல் இரண்டு தடவை மெதுவாக. மூன்றாவது தடவை வேகமாக உள்ளே போனேன். வண்டி திரும்பியது மாமா! கத்தி மாதிரித் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில், பயத்தில், எதில் என்று தெரியவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். பாரம் முழுக்க முன்னே சாய்ந்தது. பின்பக்கம் என்னைத் தாண்டிப் போனது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, ஆனால் அது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. கோன், வானம், சுவர், கோன், சுவர். வண்டி நின்றபோது நான் வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சேவியர் அண்ணன் ஓடி வந்தார். "எம்மா, என்ன காரியம் பண்ணுதீய? பின்னாடி எறங்கிப் பாருங்க. செவுருக்கும் வண்டிக்கும் நடுவுல என் கைதான் போகும்!"

அவர்தான் உங்கள் மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். உங்கள் மகன் பைக்கை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு வந்தார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு என்னை.

"எங்கப்பா போனது பத்தாதா உனக்கு?"

"மாமாவுக்காகத்தான் பண்ணுதேன்."

"மாமாவுக்கா? அவரு செத்துட்டாரு கோமதி. இனிமே அவரு எந்த வளவுலயும் திரும்ப வேண்டியதில்ல."

இத்தனை நாளும் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை மாமா. போய்விட்டார், இல்லை, தவறிவிட்டார் என்றெல்லாம் சொன்னோம். அவர்தான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டு நின்ற மாதிரி இருந்தது. ஒரு கோனைக் காலால் எற்றினார். உள்ளே கல் இருப்பது தெரியாமல் எற்றியதில் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போவீய. வந்து அந்த வளவப் பத்தியே பேசுவீய. நான் சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"உங்களையும் கூப்பிட்டாரே."

"ஒரு தடவ கூப்பிட்டாரு. நான் வரலன்னேன். இன்னொரு தடவ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

ஏன் மாமா இன்னொரு தடவை கூப்பிடவில்லை? அவருக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டீர்களா? இல்லை, மகனிடம் மறுபடி கேட்பது உங்களுக்குக் கூச்சமாக இருந்ததா? இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான். ஒரு தடவைதான் வாயைத் திறப்பீர்கள்.

அன்று சாயங்காலம் அவரே வண்டியை மெதுவாக உருட்டிக் கடைக்குக் கொண்டுவந்தார். "எல்லாத்தையும் கழத்து. பொறவு ஒண்ணொண்ணா மாட்டு. நான் கூட நிக்கேன்" என்றார். விற்பதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அதன் பிறகு அவர் ஷிப்டு முடிந்த போதெல்லாம் மூடிக்கிடக்கிற அந்த மில் களத்துக்குப் போனோம். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து முதலில் முன்சக்கரத்தை மட்டும் சாய்த்தேன். ஓட்டினேன். முன்பக்கம் தரையை நன்றாகவே கடித்துப் பிடித்தது. வளைவில் வண்டி சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையில் பதிகிறது. பிறகு கம்பி, இந்தத் தடவை இளக்கமான துளையில். பின்பக்கம் கூடவே வந்தது, முந்தவில்லை. பின் டயரில் காற்றைக் கொஞ்சமாக ஏற்றினோம். அந்தப் பின்சக்கரத் தகடுகளைத் தூக்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். பஸ்காரர் வீட்டு வண்டிக்கு அவ்வளவு துடிப்பு ஆகாது.

உங்கள் மகன் கோன் அடுக்கினார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், ஓரத்தில் நின்று பார்த்தார். ஓட்டுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாளும் கேட்டேன். விழுந்து கிடந்த கோனை நிமிர்த்தப் போனார்.

கோயம்புத்தூர் கிளம்புகிற அன்று அத்தை புளியோதரைத் தூக்கோடு வாசலில் தயாராக நின்றார்கள். பின்சீட்டில் ஒரு பெட்டி பால்கோவாவும் இருந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, "ஒருத்தருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். டிராக்கில் இறங்கியதும் நேராகப் பெயர் எழுதுகிற மேசைக்குப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"போன்ல பேசின தம்பி நீதானாய்யா?"

"ஆமாம்மா. சார் எங்கே?"

"உங்கிட்ட அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அவிய இல்ல. போன் வந்தப்பவே இல்ல. எம் மருமக ஓட்டுவா, அவ பேர எழுதிக்கோ." பால்கோவாப் பெட்டியை மேசையில் வைத்தார்கள். "அவிய உன்னப் பத்திச் சொல்லுவாக. மணல்ல எறங்கினா நீதான் கயிறு கட்டி இழுத்து விடுவியாம்ல."

அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றினான். அத்தைக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான். அத்தை அதில் உட்கார்ந்து, அன்று முழுக்க வண்டிகளின் எண்களைச் சத்தமாக அவனுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓட்டினேன் மாமா. பக்கத்தில், டிராக்கில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றுகளில் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அந்த இடப்பக்க வளைவு வந்தது. நேர்ரோட்டிலேயே பிரேக் பிடித்தேன், உள்ளே திருப்பினேன். "பொறுங்க" என்றார் அவர். "பொறுங்க. இன்னும். இப்ப." மிதித்தேன். மணல் எனக்கு எட்டத்தில் இருந்தது. வண்டி வளைவோடு வளைந்து, கோடு போட்ட மாதிரி வெளியே வந்தது.

அதற்காகத்தானே இத்தனை நாள்? ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வண்டிகள் நிற்கிற பிட் கொட்டகையில் உங்களைத் தேடினேன். திரும்பிவிட்டது என்று யாரிடம் சொல்வது? டயர் சூட்டைத் தொட்டுப் பார்த்தேன், காற்று அளந்தேன், மறுபடி அளந்தேன். போல்ட்டுகளைத் திரும்பத் திரும்ப முடுக்கினேன். முடுக்குவதற்கு ஒன்றுமில்லாத போல்ட்டுகள்.

உங்கள் மகன் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார். "ஹெல்மெட்டக் குடு" என்றார்.

உங்களுடையதைத்தான் கொடுத்தேன். அவருக்கு அளவு சரியாக இருந்தது.

இரண்டு சுற்று நிதானமாகப் போனார். வேலியோரம் நின்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் வேகம் பிடித்தது. இடப்பக்க வளைவுக்குள் நன்றாகத்தான் போனார், பிரேக்கும் சரி, திருப்பியதும் சரி. பாதி வளைவில் இன்ஜின் சத்தம் ஏறியது. அய்யோ, இவ்வளவு சீக்கிரமா என்று நினைக்கிறேன், முன்சக்கரம் திரும்பியே இருக்கிறது, வண்டி மட்டும் நேரே, வெளியே, வலப்பக்கமாக. மணல். புழுதி. நான் அளந்து அளந்து செய்த சாய்வு, கம்பி, காற்று, ஒன்றும் அந்தக் காலுக்கு முன்னால் நிற்கவில்லை.

நீங்களேதான் மாமா. அதே இடம். அதே வேகம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை விடாமல் ஒடித்துப் பிடித்திருக்கிற அதே பிடிவாதம். அவர் உங்களை அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பையன் கயிறு கட்டி இழுத்து, வண்டி பிட்டுக்கு வந்தது. அவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"அழுதுட்டு வரட்டும். காரியத்தன்னைக்குக்கூட அவன் அழல. விடுட்டி."

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். முகத்தில் புழுதியும் கண்ணீருமாகக் கோடு கோடாக இருந்தது. "அடுத்த தடவ எப்ப தொறப்பாங்க?" என்று கேட்டார். அத்தை புளியோதரையை எடுத்து வைத்தார்கள். மூன்று பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது வாராவாரம் லீவு நாளில் அவர் கடைக்கு வருகிறார். அந்த வளைவைப் பற்றியே பேசுகிறார். வண்டியில்தான் ஏதோ கோளாறு, கம்பியை இன்னும் இறுக்கலாமா என்கிறார். பார்க்கலாம் என்கிறேன். கம்பியில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். பொறுத்து மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

சொல்ல மாட்டேன் மாமா. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. அவராகக் கண்டுபிடிக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன். அந்த ஓரத்தில் மணல் அகலமாகத்தான் இருக்கிறது, இன்னும் சில தடவை அவர் வெளியே ஓடட்டும். நான் வேலியோரம் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறேன்.

வாசலில் ஒரு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. போக வேண்டும்.

என்றும் உங்கள் மருமகள்,
கோமதி
ராஜபாளையம்